கல்தொட்டியில் வளர்ந்த பச்சை

பாசி பயிருக்குச் சோறு போடுமா, பயிரின் சோற்றைப் பிடுங்கித் தின்னுமா என்பதுதான் எனக்கும் என் மாமனாருக்கும் வந்த முதல் சண்டை. கல்யாண மாலை காய்ந்து உதிர்வதற்குள் வந்துவிட்டது. ஒரு புது மருமகள் மாமனாரோடு மனஸ்தாபப்பட எத்தனையோ விஷயம் இருக்க, நாங்கள் இரண்டு பேரும் போயும் போயும் பாசியைப் பிடித்துக்கொண்டோம்.

நான் தாவரவியல் படித்தவள். எழுபதுகளின் கடைசியில் உத்திரமேரூரில் ஒரு விவசாய அலுவலகத்தில் எனக்கு வேலை. வேலை என்றால் பாசி வளர்ப்பது. தகரத் தட்டுகளில் கொஞ்சம் மண், கொஞ்சம் சூப்பர் பாஸ்பேட், மேலே தண்ணீர் விட்டு, நீலப்பச்சைப் பாசியின் விதைப்பொடியைத் தூவி வெயிலில் வைப்போம். கொஞ்ச நாளில் தண்ணீரின் மேல் தடிப்பாக ஆடை கட்டும். தண்ணீரை வற்றவிட்டால் அப்பளம் போலக் காய்ந்து சுருளும். அதைச் சுரண்டிப் பொட்டலம் கட்டி விவசாயிகளுக்குக் கொடுப்போம். கழனியில் தூவினால் காற்றிலிருந்து நைட்ரஜனைப் பிடித்துப் பயிருக்குக் கொடுக்கும் என்று வாய் வலிக்கச் சொல்வோம். வாங்கிப் போனவர்களில் பாதிப் பேர் அதை மாட்டுக்கொட்டகையில் செருகிவிட்டு மறந்துபோனார்கள் என்பது எனக்குத் தெரியும்.

நான் வாழ்க்கைப்பட்டது மானாம்பதிப் பக்கம் ஓர் ஊர். மாமாவுக்கு ஏரிப் பாசனத்தில் நிலம். என் கணவருக்கு வாலாஜாபாத்தில் ரைஸ்மில் வேலை. வாரத்துக்கு ஒரு முறை வருவார். ஆகவே வீட்டில் பெரும்பாலும் நானும் அத்தையும் மாமாவும்தான். அந்த வீட்டில் எல்லாருக்கும் எல்லாமும் 'கீது'. சோறு கீது, மாடு கீது, சாமி கீது. என் நாக்கு மட்டும் விறைத்துக்கொண்டு 'இருக்கு' என்றே சொல்லிக்கொண்டிருந்தது. படித்த திமிர் என்று அத்தை நினைத்திருப்பார். கொஞ்சம் திமிர்தான்.

மாமா என்னைக் கழனிக்கே கூட்டிக்கொண்டு போய்க் காட்டினார். யூரியா போட்டுச் சில நாள்தான் ஆகியிருந்தது. பயிருக்கு நடுவே நின்ற தண்ணீர் முழுக்கப் பச்சைச் சாயம் கலக்கியது போல இருந்தது.

"பாத்துக்கோ மா. மூட்டையத் தோள்ல தூக்கினு வந்து யூரியா போடறது நானு. துன்னுட்டு ஒக்காந்துக்கினு கீறது பாசி. நீ இன்னாடான்னா ஆபீசுல அதுக்குத் தொட்டில் கட்டி ஆட்றே."

"அது வேற பாசி மாமா. நாங்க வளர்க்கறது வேற."

"பாசின்னா பாசிதான். அதுல இன்னா வேற கீது?"

நான் விடவில்லை. வரப்பில் நின்றபடியே பாடம் எடுத்தேன். உண்மையில் அவர் சொன்னதும் சரி, நான் சொன்னதும் சரி. யூரியா என்பது ஓர் உயிரின் உடம்பில் உண்டாகிற பொருள். நம் சிறுநீரில் இருப்பது. தொழிற்சாலைக்காரன் அதையே மூட்டையில் அடைக்கிறான். தண்ணீரில் கரைந்த யூரியாவைக் கண்ணுக்குத் தெரியாத பாசி தன் தோல் வழியே உள்ளே இழுத்துக்கொள்ளும். உள்ளே வைத்து அதை உடைக்கும். ஒரு பக்கம் அம்மோனியா, ஒரு பக்கம் கரியமில வாயு. அம்மோனியாவை வீணாக்காமல் அமினோ அமிலமாகக் கோத்து, புரதமாக்கி, பச்சையமாக்கிக்கொள்ளும். பச்சையத்தின் ஒவ்வொரு துணுக்கிலும் நைட்ரஜன் இருந்தாக வேண்டும். ஆகவே அந்தத் தண்ணீரின் பச்சை நிறமே மாமா போட்ட யூரியாதான். அதில் அவர் வயிறு எரிந்தது நியாயம். என்னுடைய நீலப்பச்சைப் பாசிக்குக் காற்றிலிருந்து சம்பாதிக்கத் தெரியும். ஆனால் அதுவும் யோக்கியமில்லை. யூரியா கையருகே கிடைத்துவிட்டால் சம்பாதிப்பதை நிறுத்திவிட்டு உட்கார்ந்து தின்னும். இந்தக் கடைசி விவரத்தை நான் மாமாவிடம் சொல்லவில்லை. சண்டையில் எதிராளிக்கு யாராவது கல் எடுத்துக் கொடுப்பார்களா?

அதன்பிறகு அது எங்கள் வீட்டு விளையாட்டாகிவிட்டது. காலையில் நான் நாஷ்டா முடித்து பஸ்ஸுக்குக் கிளம்பினால், "இன்னா மா, ஒன் புள்ளைங்களுக்குக் கஞ்சி ஊத்தக் கெளம்பிட்டியா?" என்பார். சாயங்காலம் வந்தால், "சொகமா கீதுங்களா?" என்பார். எனக்குக் கோபம் வருவது போல நடிப்பேன். அம்மா இல்லாமல் வளர்ந்த எனக்கு, ஒருவர் வாசலில் காத்திருந்து வம்புக்கு இழுப்பது எவ்வளவு பிடித்திருந்தது என்பதை அவருக்கு நான் சொன்னதேயில்லை.

எண்பதுகளின் தொடக்கத்தில் ஓர் ஆனி மாதம் எனக்குப் பெண் பிறந்தாள். தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு இல்லாததால் அத்தைதான் எல்லாம் பார்த்தார். பிரசவம் சுகமாகவே ஆனது. நிறைய முடி. கோபக்காரி. பசித்தால் அழமாட்டாள், உறுமுவாள். முப்பது, அதாவது முப்பதாம் நாள், கழித்துத்தான் பெயர் வைப்பது அந்த வீட்டு வழக்கம். அதுவரைக்கும் வெறும் பாப்பாதான். நான் மனதுக்குள் ஒரு பெயர் வைத்திருந்தேன். அதை யாரிடமும் சொன்னதில்லை; இங்கேயும் எழுதப் போவதில்லை.

முப்பது வரவில்லை. காய்ச்சல் வந்தது. பால் குடிப்பதை நிறுத்தினாள். வாலாஜாபாத்துக்கு ஓடினோம், அங்கிருந்து காஞ்சிபுரத்துக்கு ஓடினோம். எல்லாரும் செய்ய வேண்டியதைச் செய்தார்கள். யார் மேலும் குற்றமில்லை. யாரையாவது பிடித்துச் சபிக்கக்கூட வழியில்லாமல் போனதில் எனக்கு இன்று வரைக்கும் ஆத்திரம்.

அவ்வளவு சின்னக் குழந்தைகளை எரிக்கமாட்டார்கள், புதைப்பார்கள். பாடை, மேளம் எதுவும் கிடையாது. துணியில் சுற்றி ஓர் ஆண் இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு போவார். பெண்கள் போகக் கூடாது. என் கணவர் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார், அவரால் முடியவில்லை. மாமாதான் ஏந்திக்கொண்டு போனார். திரும்பி வந்து குளித்துவிட்டு ஈரத்தோடு முற்றத்தில் நின்றவரிடம் நான் கேட்டேன்.

"எப்படி மாமா உள்ள வெச்சீங்க? மெதுவா வெச்சீங்களா?"

அவர் என்னைப் பார்க்கவில்லை. "கேக்காதே மா," என்றார். "அத மட்டும் கேக்காதே."

எனக்குத் தெரிய வேண்டியது அது ஒன்றுதான். தொட்டிலில் போடும்போது கையை உருவினால் விழித்துக்கொள்வாள். கையை அப்படியே கொஞ்ச நேரம் அடியில் வைத்திருந்து, மெல்ல, மெல்ல எடுக்க வேண்டும். அது அவருக்குத் தெரியுமா? யாராவது அவருக்குச் சொன்னார்களா? படுத்துக்கொண்டு இதையேதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

பால் மட்டும் நிற்கவில்லை.

இதை எழுதத்தான் வேண்டுமா என்று பலமுறை யோசித்து எழுதுகிறேன். குழந்தை போன அன்று சாயங்காலமே மார்பு கல்லாக இறுகிவிட்டது. ஜுரம் அடித்தது. தெருவில் எந்தக் குழந்தை அழுதாலும் ரவிக்கை நனைந்தது. அத்தை ஒரு கிண்ணத்தைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தார்.

"பீச்சி எட்த்துடு மா, கட்டிக்கினா ரொம்ப நோவும். கொயந்த போச்சுன்னு பாலுக்குத் தெரியுமா? அதுக்கு இன்னா தெரியும்?"

எடுத்தேன். எடுத்ததை எங்கே கொட்டுவது? அதற்கும் அத்தையிடம் கட்டளை இருந்தது.

"தரையில ஊத்திடாதே. எறும்பு மொய்ச்சா ஆவாது. கால் படற எடமும் ஆவாது. தண்ணியிலதான் வுடணும். ஆம்பளைங்க கண்ணுல படாம செய்யி."

கடைசி வார்த்தைதான் அந்த ஊரில் முக்கியம். பால், தீட்டு, பிரசவம் எல்லாம் பெண்களுக்குள்ளேயே பேசி முடிக்க வேண்டியவை. மாமனாரின் காதில் அந்தப் பேச்சு விழுவதே மானக்கேடு. ஏரி தூரம், அதுவரை நடக்க எனக்குத் தெம்பில்லை. கிணற்றில் விட முடியாது, குடிக்கிற தண்ணீர். தோட்டத்து மூலையில் ஒரு கல்தொட்டி கிடந்தது. மாட்டுக்குக் கழுநீர் வைத்தது. புதுத்தொட்டி கட்டியபிறகு சும்மா கிடந்தது. ஆடி மழைத் தண்ணீர் அதில் முக்கால்வாசி நின்றது. அதில் ஊற்றினேன். வெள்ளை மெதுவாகப் பிரிந்து போய்க் கலந்ததை நின்று பார்த்தேன். காலையிலும் சாயங்காலமும், மாமா கழனியில் இருக்கிற வேளை பார்த்து, முந்தானையில் கிண்ணத்தை மறைத்துக்கொண்டு போவேன். திருட்டுத்தனம் செய்கிறவளைப் போல.

பால் வற்றுவதற்கு மல்லிகைப்பூவை மார்பில் வைத்துக் கட்டுவார்கள். அத்தையும் வாங்கி வந்து கட்டினார். வாடினால் மாற்றிக் கட்டினார். அன்றிலிருந்து மல்லிகை வாசனை என்றால் எனக்குக் குமட்டும். எத்தனையோ கல்யாணங்களில் பூத்தட்டை நீட்டும்போது தலைவலி என்று சொல்லித் தப்பித்திருக்கிறேன். காரணம் கேட்டு யாரும் தெரிந்துகொண்டதில்லை.

தொட்டி முதலில் நாறியது. பால் கெட்டுப் புளித்த நாற்றம். மேலே ஏடு கட்டியது. அத்தை மூக்கைப் பொத்திக்கொண்டே தோட்டத்து வேலையைப் பார்த்தார். பிறகு நாற்றம் குறைந்தது. ஆவணி வெயில் விழ ஆரம்பித்த ஒரு காலையில் கிண்ணத்தோடு போய் நின்றேன். தொட்டித் தண்ணீர் லேசான பச்சையாக இருந்தது.

எனக்கு முதலில் வந்தது கோபம்தான். எட்டி உதைக்கலாம் போல இருந்தது. கல்தொட்டி, என் கால்தான் உடைந்திருக்கும். என் குழந்தை குடிக்க வேண்டியது. அவள் குடிக்க முடியாமல் வாயை மூடிக்கொண்டதை, எங்கிருந்தோ காற்றில் வந்து விழுந்த ஒரு தூசி குடித்துக் கொழுக்கிறது. வெட்கமில்லாமல் வளர்கிறது. ஊற்றாமல் திரும்பிவிடலாமா என்று நினைத்தேன். வேறு எங்கே ஊற்றுவது? ஊற்றினேன்.

என்ன நடக்கிறது என்று எனக்குத் தெரியும் என்பதுதான் கொடுமை. தெரியாதவளாக இருந்திருந்தால் சாமி குற்றம் என்றோ சாமி கருணை என்றோ வைத்துக்கொண்டிருப்பேன். பாலின் புரதம் பெரியது. பாசியால் அப்படியே விழுங்க முடியாது. நாற்றமடித்த அந்த நாட்களில் பாக்டீரியா அதை உடைத்து அமினோ அமிலமாக்கிப் போட்டது. சில பாசி அமினோ அமிலத்தை முழுசாக உள்ளே இழுத்துக்கொள்ளும். சில பாசி அதை உள்ளேயே விடாது. வாசலிலேயே நிறுத்தி அம்மோனியாவை மட்டும் பிடுங்கிக்கொண்டு மிச்சத்தைத் துரத்திவிடும் என்று பிற்பாடு படித்தேன். எல்லாவற்றையும்விட, தாய்ப்பாலில் யூரியா உண்டு. கணிசமாகவே உண்டு. அதைக் குழந்தை அவ்வளவாக உபயோகிக்காது என்று புத்தகத்தில் போட்டிருந்தது. குழந்தைக்கு வேண்டாததையும் சேர்த்து என் உடம்பு அனுப்பிக்கொண்டிருந்தது. அந்த மிச்சத்தை இது எடுத்துக்கொண்டது.

லீவு முடியும் முன்பே ஆபீசுக்குப் போனேன். வீட்டில் தொட்டிலைக் கட்டிய உத்திரத்தைப் பார்த்துக்கொண்டு படுத்திருக்க முடியவில்லை. போகும்போது ஊசிமருந்துக் குப்பி ஒன்றில் தொட்டித் தண்ணீரை எடுத்துக்கொண்டு போனேன். ஆபீசில் பாசி விதையைச் சோதிக்க ஒரு பழைய மைக்ராஸ்கோப் இருந்தது. ஒரு சொட்டு வைத்துப் பார்த்தேன்.

அது என் தட்டுகளில் இருக்கிற நீலப்பச்சை இல்லை. வேறு கூட்டம். உருண்டை உருண்டையாகப் பச்சை. ஆக்கிய சோறு எதிரே இருக்கும்போது காற்றிலிருந்து சம்பாதிக்கிறவனுக்கு அங்கே வேலை இல்லையே. சில உருண்டைகளுக்குள்ளே நான்கு சின்ன உருண்டைகள் நெருக்கிக்கொண்டு இருந்தன. தாய்ச்சுவர் கிழிந்ததும் நான்கும் வெளியே வரும். தாய் மிஞ்சமாட்டாள், கிழிந்த தோல் மட்டும் மிதக்கும். வருஷக்கணக்கில் நான் வரைந்த படம்தான். அன்றைக்கு ஏனோ கண்ணை எடுக்கவே முடியவில்லை. பக்கத்து மேசைக்காரர், "இன்னாம்மா, புதுசா எதுனா கீதா?" என்றார். ஒன்றுமில்லை என்றேன். கண் எரிகிறது என்றேன்.

அன்றிலிருந்து என் கோபம் தோற்றுப்போனது. குழந்தை குடித்தது கொஞ்சம். மிச்சத்தைக் குடித்து உயிரோடு இருப்பது உலகத்தில் இது ஒன்றுதான். பஸ்ஸை விட்டு இறங்கியதும் நேரே தோட்டத்துக்குப் போவேன். குச்சியால் கலக்குவேன், அடியில் உள்ளதுக்கும் வெயில் படட்டும் என்று. தவளை விழுந்தால் எடுத்து வெளியே விடுவேன். கோழி குடிக்க வந்தால் விரட்டுவேன். வீட்டில் நான் பேசுவது நின்றுபோயிருந்தது. கேட்டால் பதில், அவ்வளவுதான். வாரம் ஒரு முறை வருகிற கணவர் தவிட்டு வாசனையோடு பக்கத்தில் உட்கார்ந்துவிட்டு எழுந்து போவார். மாமா வம்புக்கு இழுப்பதையே விட்டுவிட்டார். நான் கிளம்பும்போது வாசலில் நின்று, துண்டை ஒரு தோளிலிருந்து இன்னொரு தோளுக்கு மாற்றிக்கொள்வார். கஞ்சி ஊத்தக் கெளம்பிட்டியா என்று எப்படிக் கேட்பார்?

மல்லிகை வேலை செய்தது. பால் குறைந்து, குறைந்து, ஒருநாள் கிண்ணத்தின் அடியை நனைக்கக்கூட வரவில்லை. எவ்வளவு வேண்டாம் என்று அழுதேனோ, அவ்வளவுக்கு அன்றைக்கு வேண்டும் என்று அழுதேன்.

கொஞ்ச நாளில் தொட்டி வெளுக்க ஆரம்பித்தது. அதுவும் எனக்குத் தெரிந்த கதைதான். நைட்ரஜன் தீர்ந்துவிட்டால் பாசி தன் பச்சையத்தையே உடைத்துத் தின்னும். பச்சை மங்கி மஞ்சளாகும். காலையில் ஒரு நிறம், சாயங்காலம் ஒரு நிறமாகப் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஓர் உயிர் கண்ணெதிரே வெளுத்துப் போவதை இன்னொரு தடவை பார்க்க என்னால் ஆகவில்லை. கொட்டகையில் மாமாவின் யூரியா மூட்டை பிரித்து வைத்திருந்தது. இரண்டு விரலில் அள்ளினேன். அவ்வளவுதான் வேண்டும், அதிகம் போட்டால் அம்மோனியா கூடிச் செத்துப்போகும். தொட்டியில் போட்டுக் கலக்கினேன்.

இரண்டு மூன்று நாளில் தளதளவென்று பச்சை திரும்பிவிட்டது.

அதைப் பார்த்துத்தான் நான் மிக அதிகமாக அழுதேன். என் உடம்பில் ஊறிய யூரியாவும் மூட்டையில் வந்த யூரியாவும் அதற்கு ஒன்றுதான். இரண்டையும் ஒரே மாதிரி இழுத்து, ஒரே மாதிரி உடைத்து, ஒரே பச்சையாக்கிக்கொள்கிறது. அதற்கு வித்தியாசம் தெரியவில்லை. தெரிய வேண்டும் என்று எதிர்பார்த்தேனே, எம்.எஸ்.ஸி. படித்தவள், அந்தப் பைத்தியக்காரத்தனத்தை என்னவென்று சொல்வது? அதுக்கு இன்னா தெரியும் என்று அத்தை சொன்னதுதான் சரி. ஆனாலும் உயிரோடு இருக்கிறதே என்று தொட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

நான் யூரியா அள்ளியதை மாமா பார்த்திருக்கிறார். அது எனக்குத் தெரியாது.

புரட்டாசி. நடவு முடிந்து பயிர் பிடித்துக்கொண்ட சமயம். அத்தை தன் தம்பி வீட்டுக் காதுகுத்துக்குக் காவாந்தண்டலம் போயிருந்தார். நான் ஆபீசிலிருந்து திரும்பி வழக்கம் போலத் தோட்டத்துக்குப் போனேன்.

தொட்டி காலியாக இருந்தது. வெறும் காலி இல்லை. தேங்காய்நார் போட்டுத் தேய்த்து, கழுவி, சாய்த்து வைத்திருந்தது. கல் வெள்ளையாகக் காய்ந்திருந்தது. விரலால் உள்பக்கம் தடவிப் பார்த்தேன். ஒரு பிசுக்கு இல்லை. மாமா செய்கிற வேலை எப்போதும் அப்படித்தான், அரைகுறையாக இருக்காது.

தோட்டத்துக்குப் பின்னாலேயே எங்கள் மேல்கழனி. வரப்பில் ஓடினேன். மாமா நடுக்கழனியில் முழங்கால் சேற்றில், கையில் காலிக் குடத்தோடு நின்றார். என்னைப் பார்த்ததும் அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். குழந்தை பிறந்த அன்று பார்த்த முகம்.

"வா மா, வா! நானே ஒன்கிட்ட சொல்லலாம்னு இருந்தேன். நீ யூரியா எட்த்துனு போய் தொட்டியில போட்டுக் கலக்கறத அன்னிக்கிப் பாத்தேன். சரி, நம்ம பொண்ணு மறுபடியும் பாசி வளக்க ஆரம்பிச்சிட்டா, மனசு தேறிட்டான்னு நெனச்சிக்கினேன். ஒரு சொட்டு வுடாம மொண்டாந்து கயனிக்கு வுட்டுட்டேன் பாரு. நீதான் ஜெயிச்சே, போ. இனிமே ஒன் பாசிய நான் ஒண்ணியும் சொல்ல மாட்டேன்."

அவர் வாழ்நாளில் யாரிடமும் தோற்றேன் என்று சொன்னவரில்லை. என்னைச் சிரிக்க வைப்பதற்காகத் தோற்றுக்கொண்டு நின்றார். நான் அந்த வரப்பில் உட்கார்ந்துவிட்டேன்.

"இன்னா மா? இன்னா ஆச்சு? நான் இன்னா பண்ணேன்?"

அத்தை இருந்திருந்தால் அவரைத் தனியே அழைத்துப்போய்ச் சொல்லியிருப்பார். அத்தை இல்லை. அந்த ஊரில் எந்த மருமகளும் மாமனாரிடம் சொல்லாததை நான்தான் சொல்ல வேண்டியிருந்தது.

"மாமா, அது ஆபீசுப் பாசி இல்ல. பாப்பாவுக்கு வந்த பால். எங்க ஊத்தறதுன்னு தெரியாம அதுல ஊத்தினேன். அதுல வளர்ந்தது மாமா. எல்லாம் என் பால்."

குடம் அவர் கையிலிருந்து நழுவித் தண்ணீரில் விழுந்து மிதந்தது. அவர் கழனியின் கீழ்ப்பக்கம் திரும்பிப் பார்த்தார். மடை திறந்திருந்தது. அங்கெல்லாம் ஒரு கழனித் தண்ணீர் வழிந்து அடுத்தவன் கழனிக்குப் போகும், அங்கிருந்து அடுத்தவனுக்கு. எங்கள் தண்ணீர் சின்னச் சத்தத்தோடு இறங்கிப் போய்க்கொண்டிருந்தது.

"ஐயோ, போவுதே!" என்று கத்திக்கொண்டே ஓடினார். அந்த வயதில், அந்தச் சேற்றில், நட்ட பயிரை மிதித்துக்கொண்டு ஓடினார். ஒருநாளும் பயிரை மிதிக்காத மனிதர். மண்வெட்டி எடுக்கக்கூட நிற்கவில்லை. இரண்டு கையாலும் சேற்றை வாரி வாரி மடையில் அப்பினார். அப்பியது கரைந்தது. மறுபடி அப்பினார். கடைசியில் மடையின் குறுக்கே உட்கார்ந்துகொண்டு முதுகால் அடைத்து, சுற்றிலும் சேற்றைப் பூசினார். நானும் இறங்கிப் போய்ச் சேற்றை அள்ளிக் கொடுத்தேன். தண்ணீர் நின்றது.

எவ்வளவு போயிருக்கும், எவ்வளவு நிற்கும் என்று எனக்குத் தெரியும். ஒரு தொட்டித் தண்ணீர் அவ்வளவு பெரிய கழனியில் எங்கே தெரியும்? எப்போதோ கலைந்துவிட்டது. சேற்றில் படிந்தது பாதி, அடுத்த கழனிக்குப் போனது பாதி.

மாமா எழுந்து, உட்கார்ந்திருந்த இடத்தையும் சேற்றால் அடைத்து, இரண்டு கையையும் கழுவிவிட்டு, குனிந்து கழனித் தண்ணீரைச் சேர்த்து அள்ளினார். என்னிடம் நீட்டினார். மாலை வெயிலில் அது வெறும் கலங்கல் தண்ணீர். கொஞ்சம் மண், ஒரு பூச்சி.

"பாரு மா. நீ படிச்சவ, ஒனக்குத் தெரியும். இதுலயாவது கீதா? கொஞ்சமாவது கீதா?"

நான் அந்தக் கையைப் பார்த்தேன். குனிந்து, மைக்ராஸ்கோப்பில் பார்ப்பது போல வெகுநேரம் பார்த்தேன்.

"கீது மாமா," என்றேன்.

அவர் அதைக் கொட்டவில்லை. மறுபடியும் குனிந்தார். சேர்த்த கையை அப்படியே தண்ணீருக்குள் இறக்கினார். இறக்கிய பிறகும் எடுக்கவில்லை. கொஞ்ச நேரம் அடியிலேயே வைத்திருந்தார். பிறகு மெல்ல, மெல்ல, ஒரு சலனம் இல்லாமல் கையை உருவி எடுத்தார்.

பாப்பாவைக் கொண்டு போனதும் அந்தக் கைதான். அன்றைக்கு நான் கேட்டதற்கு அப்போதுதான் பதில் தெரிந்தது.